மாடி போர்ஷனும் கஸ்தூரி அக்காவும்

போன செவ்வாய்க்கிழமை. மில்லில் அரிசி லாரி கிளம்பக் காத்திருந்தது. மூட்டை தைக்கும் தேவகி மெஷினை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள். "கஸ்தூரி அக்கா போயிட்டாங்க சார். தூக்கத்துலயே." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "லோடு முடிச்சுட்டுப் போலாம். பாதியில வுட்டுட்டு வந்தா அக்கா திட்டுவாங்க" என்றாள். அவள் அழுதுகொண்டே தைத்தாள். நான் அழுதுகொண்டே லாரிக்காரரை விரட்டினேன்.

அக்காவை அறிந்த உங்களுக்கு அவர் வேலையை விளக்க வேண்டியதில்லை. மனநோயிலிருந்து தேறியும் வீட்டார் சேர்த்துக்கொள்ளாத பெண்களுக்கு வாடகை வீடு பிடிப்பார், வேலை தேடுவார், மாத்திரை போடுகிறார்களா என்று போய்ப் பார்ப்பார். திங்கட்கிழமை என்றால் கலெக்டரைப் பார்க்க மனுவும் கையுமாகத் திருவண்ணாமலை பஸ்ஸில் இருப்பார். "விடுதி வேண்டாம், வீடு வேண்டும்; சாவி அவர்கள் கையில் இருக்க வேண்டும்." எல்லா மனுவிலும் இதே வாசகம்தான்.

தேவகிக்கு வேலை கேட்டு அக்கா வந்தபோது நான் மேனேஜர் தோரணையில், "மறுபடியும் உடம்புக்கு வந்தா என்ன பண்றது?" என்றேன்.

"லீவு குடுங்க. உங்க மில்லுல யாருக்கும் ஜுரமே வந்ததில்லீங்களா?"

வேலை கொடுத்தேன். தேவகி தைத்த மூட்டை பிரிந்தது என்று இன்றுவரை ஒரு கடைக்காரரும் சொன்னதில்லை.

மறுவருஷம், தேவகியும் இன்னும் இரண்டு பெண்களும் இருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னார் வீட்டுக்காரர். தெருவில் பயப்படுகிறார்களாம். வீடு போனால் தேவகி பழையபடி காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். மில் வேலையும் போய்விடும். அக்கா என்னை அந்த வீட்டுக்காரரிடம் அழைத்துப்போனார். "நான் பேசினா, இவங்களுக்கு இதே வேலைன்னுவாங்க. நீங்க தெனமும் பாத்துகினு இருக்கீங்க, நீங்க பேசுங்க சார்" என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். நானும் ஜோராகப் பேசினேன். கல்யாணத் தரகர்கூட ஒரு பெண்ணைப் பற்றி அவ்வளவு பேசியிருக்க மாட்டார். வீட்டுக்காரர் முழுசாகக் கேட்டுவிட்டு, "இவ்ளோ சொல்றீங்களே, உங்க வீட்ல எடம் இருந்தா குடுப்பீங்களா?" என்றார்.

என் வீட்டு மாடி நாலு மாதமாகக் காலி. 'வாடகைக்கு' என்று கேட்டில் நானே அட்டை மாட்டியிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. சுவரிலிருந்த காலண்டரை அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மனமில்லை. மில்லுக்கு ஆகிற பெண் மாடிக்கு ஆகமாட்டாள் என்றுதான் நானும் நினைத்திருக்கிறேன். அது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது. "குடுப்பேன்" என்றேன், சன்னமாக.

வீட்டுக்காரர் கடைசிவரை மனம் மாறவில்லை. திரும்பும் வழியில் அக்கா கேட்டது ஒன்றுதான்: "மாடிக்குத் தண்ணி நல்லா ஏறுதுங்களா சார்?" அட்டையை எப்போதோ பார்த்து வைத்திருக்கிறார்! என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பெண்கள் பால் காய்ச்சியபோது சர்க்கரை டப்பாவோடு முதலில் மாடியேறியவளும் அவள்தான். இப்போது நான் மோட்டார் போட மறந்தால் அவளோடு சேர்த்து நாலு பேரும் திட்டுகிறார்கள்.

நேற்று போளூரிலிருந்து ஒரு பெண் வேலை கேட்டு மில்லுக்கு வந்தார். அக்கா போன மாதமே சொல்லியனுப்பினாராம். அக்கா இறந்தது அவருக்குத் தெரியவில்லை. வேலை கேட்டு வருகிறவர்களிடம் "என்ன வேலை தெரியும்?" என்று ஆரம்பிப்பதுதான் என் பல வருஷப் பழக்கம். நேற்று என் வாயில் வந்தது, "ராத்திரி எங்க தங்கறீங்க?" அவர் கைப்பையை மாற்றிப் பிடித்தார்.

அக்காவிடமிருந்து என்னிடம் நிற்பது இந்தக் கேள்விதான். கேட்டுவிட்டால் சும்மா உட்கார முடிவதில்லை. அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்ததும் இரண்டு பேரும் வீடு தேடக் கிளம்பினோம்.