சராசரி மட்டும் மிச்சம்

திரவத்துக்குள் அணுக்கள் எப்படி முட்டி மோதுகின்றன என்று கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு. அதை நாலு பேருக்குப் புரியவைப்பதற்குள் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும். ஆராய்ச்சி என்ற பெயரில் அவதிப்படும் சக ஜீவன்களே, நீங்களாவது கேளுங்கள். போன மாசக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் எனக்கு ஒரு வேலை காத்திருந்தது.

சும்மா இருக்கிற தண்ணி

நெல்லித்தோப்பில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர். தெருவுக்கே சொல்தா மாமா, அதாவது சிப்பாய் மாமா. "அப்படி என்னதாம்மா படிக்கிற?" என்றார்.

"சண்டே மார்க்கெட் நெரிசல்ல ஒருத்தரை இடிச்சா, அவர் அடுத்தவர் மேல மோதித் திரும்ப உங்க மேலயே வந்து விழுவார்ல? திரவத்துல அணுவும் அப்படித்தான் மாமா. அதனால நெரிசல் இங்க கூடும், அங்க குறையும், மாறிக்கிட்டே இருக்கும். பழைய சமன்பாட்டுல, ஒருதடவை முட்டினவங்க மறுபடி சந்திக்கவே மாட்டாங்க. அதைத்தான் திருத்துறேன்" என்றேன். மாமா கையிலிருந்த டம்ளரையே பார்த்தார்.

"தண்ணி அதுபாட்டுக்கு சும்மாதானேம்மா இருக்கு, அதை ஏன் நோண்டுற?"

லட்சணம்

மாமாவை மன்னிக்கலாம். என் ஆய்வுக் குழுவில் இருந்த பேராசிரியரை எப்படி மன்னிப்பது? கம்ப்யூட்டருக்குள் திரவ ஆர்கானின் அணுக்களை ஓடவிட்டு, ஒரு துளி இடத்தில் அடர்த்தி ஏறி இறங்குவதை வரைபடமாகக் காட்டினேன். கோடு குதியாய்க் குதித்தது. அந்தக் குதிப்புதானய்யா என் ஆராய்ச்சியே! அவர் முகத்தைச் சுளித்தார்.

"இந்த மேடு பள்ளத்தைக் கொஞ்சம் நிரவிடும்மா, பார்க்க லட்சணமா இருக்கும்."

டிஸ்க்கில் இடமில்லை

இதற்கெல்லாம் சிகரம், எங்கள் துறைக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் புண்ணியவான். வாரக்கணக்காக ஓடிச் சேர்ந்த கோப்புகள். பெரிசு பெரிசானவை, வேறெங்கும் பிரதி வைக்க வழியில்லை. ஆய்வேட்டின் கடைசி வரைபடத்தைப் போடலாம் என்று காலையில் திறந்தால், எதையும் காணோம். ஒரே ஒரு எண் மட்டும் உட்கார்ந்திருந்தது. சராசரி அடர்த்தி! அடப்பாவி, அது ஆரம்பத்தில் நானே கம்ப்யூட்டருக்குக் கொடுத்த எண்! அவர் அறைக்கு ஓடிப்போய், மாடியே அதிரக் கத்தினேன். அழுகையும் வந்துவிட்டது. அவர் நிதானமாக டீயைக் கீழே வைத்தார்.

"எதுக்கு மேடம் டென்ஷன், டிஸ்க் ரொம்பிடுச்சு, ஏறினதும் இறங்கினதும் எப்படியும் சரியாப் போயிடுதுல்ல, சராசரியைப் பத்திரமா எடுத்து வெச்சிட்டேன்."

மாசக் கடைசியும் போயிற்று, அந்த வேலையும் போயிற்று, முதலிலிருந்து மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நான் போட்ட கூச்சலையும் வாயடைத்து உட்கார்ந்த நேரத்தையும் கூட்டிச் சராசரி எடுத்துப் பாருங்கள், நான் ரொம்ப அமைதியான பொண்ணு.