தாழ்ப்பாள் கடல் பார்த்த நாள்

விடுதி அறையின் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, தாழ்ப்பாள் என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மனிதர் பக்கத்து அறைப் பூட்டையும் இழுத்துப் பார்த்தார். பிறகு எதிர் அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தார். அதில் ஆள் இருந்தது.

"யாருய்யா அது, காலங்காத்தால கதவ ஆட்டறது?"

"தூங்குங்க, தூங்குங்க. எல்லாம் பத்திரமா இருக்கு" என்று அவர் ஆறுதல் சொன்னார். அவருடைய மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு படி இறங்கினாள்.

தாழ்ப்பாள் என்பது அவருக்குக் கிடங்கில் வைத்த பெயர். இரும்புச் சாமான் கிடங்கில் அவர் இரவுக் காவல். நெட்டையான ஆள், ஒட்டிய கன்னம். அவரைக் கண்டால் தெரியாதவர்களுக்குக்கூட "உள்ள போலாங்களா?" என்று கேட்கத் தோன்றும். எங்கே உட்கார்ந்தாலும் முதுகு சுவரில் இருக்க வேண்டும், முகம் வாசலைப் பார்க்க வேண்டும். ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தும்முவார் என்று கிடங்கில் ஒரு கதை உண்டு. அவர் மனைவியைக் கேட்டால், கதையில் பாதி உண்மை என்பாள்.

அவளுக்குச் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற வேலை. அவர் வீட்டுக்கு வருகிற நேரம்தான் அவள் கிளம்புகிற நேரம். வாசலில் சாவி கைமாறும். "சோறு மூடி வச்சிருக்கேன்." "அடுப்ப அணைச்சியா?" குடும்பப் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து பகல் வெளிச்சத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எதையும் பார்த்ததில்லை. கிடங்கை வெள்ளையடிக்க மூடியதும் அவள் கடையில் லீவு சொல்லிவிட்டு, கடற்கரை நகரத்துக்குப் போகும் சுற்றுலா பஸ்ஸில் இரண்டு இடம் பிடித்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். "ரெண்டு பேரும் சேந்து கடல்ல நிக்கணும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

"அதுக்கென்ன, நின்னுட்டாப் போச்சு" என்றார் அவர்.

முதலில் கலங்கரை விளக்கம். அடிவாசலில் காவலாள் டீ குடிக்கப் போக முடியாமல் நெளிந்துகொண்டிருந்தான். தாழ்ப்பாளுக்கு அந்த நெளிவு தெரியும். "நீ போய்ட்டு வா தம்பி, நான் இருக்கேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மனைவி தனியாகப் படியேறினாள். உச்சியில் எல்லோரும் தூரத்துக் கப்பலைக் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேர் கீழே எட்டிப் பார்த்தாள். கோட்டு போட்ட ஒரு பெரிய மனிதர் தன் பையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். அவள் புருஷன் குனிந்து அதற்குள் பார்த்துவிட்டு, போகலாம் என்று தலையை ஆட்டினார்.

அடுத்தது அருங்காட்சியகம். கூடம் முழுக்க ஒரு திமிங்கில எலும்பு தொங்கியது. அவர் அதன் அடியிலேயே நடந்துபோய் ஜன்னல் கொக்கியைத் தட்டிப் பார்த்தார். "இத ஒரு ஊக்கு வச்சே தெறந்துடலாம்" என்று அங்கிருந்த காவலரிடம் சொன்னார். காவலரும் மனம்விட்டுப் பேச ஆரம்பித்தார். அவர்கள் பேசி முடிப்பதற்குள் அவள் திமிங்கிலத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வந்துவிட்டாள்.

"எவ்வளவு பெருசு, பாத்தீங்களா?"

"எலும்புதானே? அத யாரு தூக்கிட்டுப் போகப் போறா."

சாயங்காலம் கடற்கரையில் பஸ் நின்றது. "ரோட்டு வெளக்கு எரிஞ்சதும் வண்டிய எடுத்துடுவேன். அப்பறம் என்னக் குத்தம் சொல்லாதீங்க" என்று டிரைவர் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"நீ போ. நான் பையப் பாத்துக்கறேன்" என்று அவர் மணலில் உட்கார்ந்தார்.

"பையில என்ன புதையலா இருக்கு? ஒரு துண்டு, அரை பாட்டில் தண்ணி, ரெண்டு வாழப்பழம்."

"பழம்னா சும்மாவா?"

அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். "ஐயா, இதக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?" என்று ஒரு குடும்பம் ஆறு ஜோடி செருப்பை வைத்துவிட்டுப் போனது. அதைப் பார்த்து ஒரு தம்பதி குடையும் பிளாஸ்கும் வைத்தார்கள். கடைசியில் பஸ்ஸில் கூட வந்த பெரியவர் ஒருவர் கைக்குட்டைப் பொட்டலத்தை அவர் உள்ளங்கையில் அழுத்தினார். பல் செட்டு. அலை அடித்தால் வாயிலிருந்து போய்விடும் என்று வாயை மூடிச் சைகையிலேயே விளக்கினார்.

தாழ்ப்பாள் எல்லாவற்றையும் மணலில் வரிசையாக வைத்துச் சுற்றிலும் கோடு போட்டார். அவள் தண்ணீர் ஓரம்வரை போனாள். அலை வந்ததும் பிடித்துக்கொள்ளக் கை கிடைக்காமல் திரும்பி ஓடிவந்தாள். மறுபடி போனாள், மறுபடி ஓடிவந்தாள். வெயில் தணிந்துகொண்டே போனது. மூன்றாவது முறை வந்தவள், குடைக்கும் செருப்புகளுக்கும் நடுவில், அவர் போட்ட கோட்டுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா பண்ற?"

"என்னையும் சேத்துப் பாத்துக்கோங்க. எடுத்துட்டுப் போக யாராவது வராங்களான்னு பாப்போம்."

அப்போதும் அவர் வேலையை மட்டும் விடவில்லை. செருப்புக் குடும்பம் வந்ததும் "அடையாளம் சொல்லுங்க" என்றார். குடைக்காரரிடம் கம்பி எத்தனை என்று கேட்டார். குடைக்காரர் விழித்தார், அவர் மனைவி கிழிசல் இருக்கும் இடத்தைச் சொல்லி வாங்கிக்கொண்டு போனாள். கடைசியாகப் பெரியவர் சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

"அடையாளம்?"

பெரியவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு வாயை அகலத் திறந்து வெறும் ஈறுகளைக் காட்டினார்.

"சரிதான்" என்று பொட்டலத்தைக் கொடுத்தார் தாழ்ப்பாள்.

கோட்டுக்குள் இப்போது அவள் மட்டும்தான் மிச்சம். கடலைப் பார்த்தபடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே போய் நின்று தொண்டையைச் செருமினார்.

"நான் எடுத்துட்டுப் போலாமா?"

"அடையாளம் சொல்லுங்க."

"எடது முழங்கைக்குக் கீழ இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு" என்றார் அவர், யோசிக்காமல். "செருப்பு போட்டா வலது வார் மட்டும் தேயும். காலைல சாவியக் குடுக்கறப்ப கொட்டாவிய அடக்கிக்கிட்டுத்தான் குடுக்கும். கோவம் வந்தா மூக்கு நுனி செவக்கும். இப்ப செவந்திருக்கு."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கையை நீட்டினாள். அவர் தூக்கிவிட்டார்.

ரோட்டில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. பஸ் ஹாரன் அடித்தது. அவர் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். இரண்டு பேருடைய செருப்பும் மணலில் கிடந்தன. அவள் கையைப் பிடித்தபடி அவர் கடலுக்குள் இறங்கினார், பின்பக்கமாக. முகம் கரையைப் பார்த்தே இருந்தது, கண் செருப்பை விட்டு நகரவில்லை. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பின்னாலிருந்து ஓர் அலை வந்து முட்டியில் அடித்ததும் தள்ளாடினார்.

"திரும்புங்க. கடல் இந்தப் பக்கம் இருக்கு."

"செருப்பு..."

"போனாப் போகுது."

பஸ் இன்னொரு முறை ஹாரன் அடித்தது. அவர் செருப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் விரல்களுக்குள் தன் விரல்களைக் கோத்தார். கீழ்நோக்கி ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். இன்னொரு இழுப்பு. மூன்றாவதும் இழுத்துப் பார்த்துவிட்டு, கரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.