கேள்வியை வாசிக்கிற வேலை

டியூசன் குடுக்கிற வேலைக்கு முதல் வேண்டியது பாடம் இல்லை, தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி வைத்திருக்கிற முகம். இந்த வேலையில் மாட்டுப்பட்டிருக்கிற ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தகுதி

எனக்குப் பதினெட்டு வயசு. பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவள். இங்கே இத்தாலியில், போர்கோ வெக்கியோவில் இருக்கிற சுகந்தி அக்கா, தன் மகன் நிதுஷனுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கக் கூப்பிட்டா. அவன் ஏற்கெனவே ஒருமுறை ஃபெயில். இந்த முறையும் கோட்டை விட்டால் படிப்பை நிற்பாட்டி, தான் வேலை செய்யிற சியாகுல்லி மண்டரின் ஆரஞ்சுத் தோட்டத்துக்குத் தன்னோடு கூட்டிக்கொண்டு போறதாகத் தகப்பன் சொல்லிவிட்டார். நானே படிப்பை விட்டவள் என்று ஒளிக்காமல் சொன்னேன். வீடுகள் துப்புரவாக்கிவிட்டு அப்போதுதான் வந்த அக்கா, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னா: "அது பரவாயில்லை பிள்ளை, உனக்கு இத்தாலியன் பாஷை ஓடுதுதானே."

என்ர கெட்டித்தனம்

வீட்டுக்கணக்கு முழுக்க நானே செய்தேன். எனக்கு விளங்காததை ஃபோனைப் பார்த்துச் செய்தேன். அவன் வடிவாகப் பார்த்து எழுதினான். கொப்பி முழுக்கச் சரி, வகுப்புச் சோதினையில் பத்துக்கு மூன்று. ஜூனில் பள்ளிக்கூடம் சொல்லிவிட்டது: செப்டம்பரில் கணக்குச் சோதினை திரும்ப எழுத வேணும், அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். நிதுஷன் என்னை ஒரு பார்வை பார்த்தான்: "அக்கா, சோதினைக்கும் நீங்களே போயிருக்கலாம்."

வெங்காயம்

ஜூலையில் ஃபோனைத் தொடுறதில்லை என்று சத்தியம் பண்ணினோம். அன்றைக்கே ஒரு கணக்கில் இறுகிவிட்டோம். தகப்பனுக்கும் மகனுக்கும் வயசு கண்டுபிடிக்கிற கணக்கு. அரை மணித்தியாலமாக இரண்டு பேரும் முழிக்க, குசினிக்குள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அக்கா, "அதில என்னதான் கேட்டிருக்கு? தமிழில சொல்லு பாப்பம்" என்றா. சொன்னேன். கத்தியை மற்றக் கைக்கு மாத்திக்கொண்டு, கடை விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதினா. புத்தகத்தின் கடைசியில் விடையைப் பார்த்தேன். சரி!

ஊரில், வன்னியில், ஏ.எல். உயர்தரச் சோதினைக்குக் கணிதம் படிச்சவவாம். எனக்கு விசர் வந்தது. "ஆறு மாசமா ஏனக்கா வாயே திறக்கேல்லை?" என்று கத்தினேன். அக்கா கண்ணைத் துடைத்தா, வெங்காயமோ என்னவோ. "கேள்வி அவங்கட பாஷையில இருந்தது. கணக்கும் அவங்கடதாக்கும் எண்டு நினைச்சிட்டன், பிள்ளை."

பதவியிறக்கம்

அதோடு என் வேலை கேள்வியைத் தமிழில் சொல்வது மட்டும். அக்கா விடையைச் சொல்லவே மாட்டா. ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்று கேட்பா. நிதுஷன் குருட்டுவாக்கில் சொன்னால், திரும்பவும் முதல் வரியில் இருந்து. உண்மையைச் சொன்னால், ஆறு மாசத்தில் நான் ஒரு "ஏன்" கேட்டதில்லை. ஓகஸ்டில் கேள்வியை அவனே தாய்க்குத் தமிழில் சொன்னான். நான் பக்கத்தில் இருந்து அக்கா பொரிச்ச ரோல்ஸ் சாப்பிட்டேன்.

செப்டம்பரில் பாஸ். தகப்பன் இப்போதும் தோட்டத்துக்குத் தனியத்தான் போறார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா: "இனிக் கணக்குக்கு வர வேண்டாம் பிள்ளை, ரோல்ஸ் தின்ன வா."

டியூசன் உதவுமோ கெடுக்குமோ என்று கேட்கிறவைக்கு என் பதில்: வெளியில் ஆள் தேட முதல், உங்கட குசினிக்குள் ஒருக்கால் எட்டிப் பாருங்கோ.