நாலாம் நம்பர் செங்கல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நாசரேத்துக்காரி, அப்பா கணக்கு வாத்தியார், எங்கள் வீட்டில் யாராவது பேய் பிசாசு என்று வாயைத் திறந்தால் "நிரூபிச்சுக் காட்டு" என்பார், காட்ட முடியாதவர்கள் பத்தொன்பதாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். அதனால் சின்ன வயதிலேயே பேயின் மேல் எனக்கு இருந்த மரியாதை போய்விட்டது. இப்போது சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், உதட்டோரத்தில் இப்போதே தெரிகிறது, சிரியுங்கள், நானும் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன்.

போதாக்குறைக்கு இது ராத்திரியில் நடந்ததும் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரம், தூத்துக்குடி வெயில், சோற்று டப்பாவில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. பயப்படுவதற்கு வேண்டிய வசதி ஒன்றுகூட அங்கே கிடையாது.

துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. கப்பலேறப் போகிற பெட்டிகள் எங்களிடம் வந்து அடுக்கடுக்காகக் காத்திருக்கும், நாள் வந்ததும் துறைமுகத்துக்குப் போகும். எந்தப் பெட்டி எந்த வரிசையில், எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்பதை யார்டு ஆட்கள் கையில் வைத்திருக்கிற கருவியில் பதிவார்கள். சின்னக் கணினிதான், ஆனால் நல்ல கனம், கீழே போட்டாலும் உடையாது, நிறமும் செம்மண் நிறம், அதனால் அதற்குச் செங்கல் என்று பெயர். மொத்தம் எட்டுச் செங்கல். அவற்றையும் அலுவலகக் கணினிகளையும் கட்டி மேய்ப்பது என் பொறுப்பு.

செய்த கம்பெனி ஒருநாள் இந்த மாடலை இனி கவனிக்க மாட்டோம் என்று கை கழுவிவிட்டது. எட்டும் அலமாரிக்குப் போயின, யார்டு பழையபடி காகிதத்துக்குப் போனது. மேனேஜர் புதிது வாங்கலாம் என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. நல்ல திரை, நல்ல பொத்தான், உள்ளே இருக்கிற மென்பொருள் கிழடாகிவிட்டது என்பதற்காக ஒரு பொருளைத் தூக்கி எறிவதா. "சார், ஓபன் சோர்ஸ்னு ஒண்ணு இருக்கு, லினக்ஸ் போட்டுத் தாரேன், இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஓடலைன்னா நீங்க கேட்ல உக்காந்து பாஸ் எழுதணும், சம்மதமா எஸ்தர்?" என்றார். எல்லார் முன்னாலும் கேட்டார், நானும் எல்லார் முன்னாலும் சம்மதம் என்று சொல்லித் தொலைத்தேன்.

இங்கே கஸ்பார் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாலாம் நம்பர் செங்கல் அவருடையது. இளம் வயதில் மூச்சடக்கி முங்கிச் சங்கு எடுத்தவர், அதில் காது போய்விட்டது, கடலை விட்டு யார்டுக்கு வந்துவிட்டார். காது மந்தம் என்பதால் அவர் பேசுவது அடுத்த யார்டுக்கும் கேட்கும். வேலையில் சூரர்தான், ஆனால் ஒரு கோளாறு. உலகத்தில் எல்லா யார்டிலும் தரையில் இருக்கிற பெட்டி முதல் அடுக்கு, மேலே போகப் போக இரண்டு, மூன்று. அண்ணாச்சி மேலே இருந்து கீழே எண்ணுவார். அதுவும் அடுக்கு என்று எண்ணமாட்டார், பாகம் என்று எண்ணுவார். இரண்டு கையையும் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி எவ்வளவோ அது ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி, கடலில் ஆழம் பார்க்கிற அளவு. ஒரு பெட்டியின் உயரம் அவருக்கு ஒன்றரைப் பாகம்.

"அண்ணாச்சி, தரையில இருந்து எண்ணுங்க" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"ஏளா எஸ்தரு, முங்குதவனுக்குத் தரை எங்கன இருக்குன்னு எப்பிடித் தெரியும்? மேல இருந்துதாம்ளா எண்ணணும்" என்பார்.

பதிவில் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருந்தது. அதில் அவர் தமிழில் பாகக் கணக்கை எழுதி, கூடவே காற்று எந்தப் பக்கம், யார் வீட்டில் கல்யாணம் என்று ஒரு கதையும் எழுதுவார். ஒருநாள் அந்தக் கணக்கால் இரண்டு பெட்டி இடம் மாறிப்போக, எல்லார் முன்னாலும் நான் அவரிடம் கத்திவிட்டேன். அவர் கேட்காததுபோலச் சிரித்தார். காது கேட்கவில்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டேன். பத்து நாள் கழித்து, செங்கல்கள் அலமாரிக்குப் போகுமுன்பே, தவக்காலத்தில், தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கத்துக்குப் போய் நின்றேன், மன்னிப்புக் கேட்க அங்கே ஆள் இல்லை. இதை இப்போது சொல்லும்போதும் எனக்கு வலிக்கத்தான் செய்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எட்டையும் துடைத்து அழித்தேன், ஒரு எழுத்து மிச்சமில்லாமல். புதிய இயங்குதளம் ஏற்றினேன். பெட்டி பதிகிற செயலியை நானே எழுதினேன். இடம் குறைவு என்பதால் தமிழ் எழுத்துரு போடவில்லை, தமிழில் தட்டச்சு செய்ய வழியும் வைக்கவில்லை. குறிப்புக் கட்டத்தையே எடுத்துவிட்டேன். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், குறிப்புக் கட்டம் என்ற ஒன்று அந்தச் செயலியில் கிடையாது. காகிதத்தில் இருந்த இடங்களையெல்லாம் யார்டு ஆட்கள் இரண்டு நாளில் ஏற்றி முடித்தார்கள்.

முதல் நாள் காலையிலேயே ஒரு பெட்டியைக் காணோம்.

சாத்தான்குளம் பக்கத்துப் பொன்ராஜ் அண்ணாச்சியின் பெட்டி. முருங்கையிலைப் பொடி, வெளிநாட்டுக்கு அவர் அனுப்புகிற முதல் சரக்கு. சாயங்காலம் ஐந்து மணிக்குள் துறைமுக வாசலைத் தாண்டவில்லை என்றால் கப்பல் போய்விடும், வாங்குகிறவன் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வான். கப்பலேறியதும் எல்லாருக்கும் கொடுக்க அவர் ஒரு டப்பா மக்ரூன் வாங்கி வந்திருந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிடத்துக்கு ஒருதரம், "கெடச்சிட்டாம்மா?" என்பார். "தேடுதாவ அண்ணாச்சி" என்பேன். திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன், அவரோ என் முகத்தையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கருவி காட்டிய இடம் பன்னிரண்டாம் வரிசை, மூன்றாம் இடம், ஐந்தாம் அடுக்கு. உச்சியில் இருந்த பெட்டியை இறக்கிப் பார்த்தால் வேறு யாருடையதோ. இடமே தப்பு என்று முடிவுகட்டி அதைத் திரும்ப மேலே ஏற்றிவிட்டு யார்டு முழுக்கத் தேட ஆரம்பித்தார்கள். நெருக்கமாக அடுக்கியிருக்கும் பெட்டிகளில் உள்ளே இருப்பதன் எண் வெளியே தெரியாது.  கேட்டில் பாஸ் எழுதுகிற நாற்காலியைத் துடைத்து வைக்க மேனேஜர் சொன்னதாகக் காதில் விழுந்தது.

பன்னிரண்டு மணிக்கு இசக்கி வந்தார். நாற்பது வயது யார்டு ஆள், கஸ்பார் அண்ணாச்சியிடம் தொழில் கற்றவர், பல்லியைப் பார்த்தாலும் சகுனம் பார்ப்பவர். நாலாம் நம்பரில் சார்ஜ் இல்லை என்று அதை என் மேசைச் சார்ஜரில் செருகிவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டு போனார். நான் சோற்று டப்பாவைத் திறந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன், செங்கல் 'பீப்' என்றது. பதிவு ஏறினால் வருகிற சத்தம் அது.

மேசையில் கிடக்கிற கருவியில் யார் பதிவார்கள்? எட்டிப் பார்த்தேன். பொன்ராஜ் அண்ணாச்சியின் பெட்டி எண், அதற்குக் கீழே ஒரு நீளக் கட்டம். நான் எடுத்துப்போட்ட கட்டம். அதற்குள் இரண்டு வரி நிறையச் சின்னச் சின்னச் சதுரங்கள், நடுவில் 12, 6 என்று இரண்டு எண்கள். எழுத்துரு இல்லாத மொழியில் எதையாவது காட்டச் சொன்னால் கணினி அப்படித்தான் சதுரம் சதுரமாகக் காட்டும். நினைவகம் கெட்டுவிட்டது, நம் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அணைத்துப் போட்டேன், மறுபடியும் வந்தது. மூன்று தடவை அணைத்தேன், மூன்று தடவையும் வந்தது, நெத்திலி ஆறிப்போனது.

மேனேஜர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "பரவால்லையே எஸ்தர், யார்டு மேப்பெல்லாம் காட்டுதே" என்றார். நான் திருத்தவில்லை.

கேபிளை மாட்டி அந்தப் பதிவை என் மடிக்கணினிக்கு இழுத்தேன். அதில் தமிழ் எழுத்துரு உண்டு. சதுரங்கள் எழுத்தாக மாறின. எழுதியிருந்தது இதுதான், ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை:

"12 வரிச. மேல இருந்து 6 பாகம் முங்கணும். அதுக்கு கீழயும் ஒண்ணு கெடக்கு. சத்தம் போடாத எஸ்தரு."

கை சில்லிட்டுவிட்டது. ஏசி என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன், பிறகுதான் ஏசி ரெண்டு நாளாகப் பழுது என்று ஞாபகம் வந்தது. எதிரே பொன்ராஜ் அண்ணாச்சி, "கெடச்சிட்டாம்மா?" என்றார். மடிக்கணினியை அவருக்குத் தெரியாதபடி என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பெட்டிக்கு ஒன்றரைப் பாகம் என்றால் ஆறு பாகம் நாலு பெட்டி. நாலைத் தாண்டினால் ஐந்தாவது, அதாவது தரையில் இருப்பது. கணக்கு வாத்தியார் மகள் இல்லையா, பயத்திலும் கணக்கு மட்டும் ஓடியது. இசக்கியைக் கூப்பிட்டேன்.

"இசக்கி அண்ணே, பன்னெண்டாம் வரிசைய கருவியில ஏத்துனது யாரு?"

"நாந்தான் மேடம்."

"எப்பிடி எண்ணுனீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "எல்லாத்தையும் கீழ இருந்துதான் எண்ணுனேன். அந்த ஒண்ண மட்டும் பழக்கதோசத்துல மேல இருந்து எண்ணி அஞ்சுன்னு போட்டுட்டேனோன்னு ஒரு சந்தேகம். அண்ணாச்சி அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாவ."

"காலையில இருந்து தேடுதோம், இப்ப வந்து சொல்லுதீங்க?"

"இப்பத்தான மேடம் கேக்குதீங்க."

கத்த வாயைத் திறந்தேன். திரையில் இருந்த கடைசி வரி ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன்.

பெட்டி தூக்குகிற வண்டி வேறு வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தது, மூன்று மணிக்குத்தான் வந்தது, நாலு பெட்டியை ஒவ்வொன்றாக இறக்கியது. தரையில் இருந்த ஐந்தாவதின் கதவில் பொன்ராஜ் அண்ணாச்சியின் எண். மணி மூன்றே முக்கால். மனுஷர் அந்தப் பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதார், வெயிலில் கொதிக்கிற இரும்பு, அதுகூட அவருக்கு உறைக்கவில்லை. நாலரைக்குப் பெட்டி துறைமுக வாசலைத் தாண்டியது, மக்ரூன் டப்பா திறந்தது, மேனேஜர் நாலு தின்றார். பாஸ் எழுதும் நாற்காலி இன்றுவரை காலியாகத்தான் இருக்கிறது.

எல்லாரும் போனபிறகு இசக்கியிடம் மட்டும் அந்த வரிகளைக் காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் செங்கலைக் கும்பிட்டார். மறுநாள் திருச்செந்தூர் திருநீற்றைக் கொண்டுவந்து அதற்குப் பூசியும்விட்டார், சார்ஜ் ஏறுகிற துளையெல்லாம் திருநீறு, பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்து அரை நாள் சுத்தம் செய்தேன்.

இசக்கிதான் எழுதியிருப்பார் என்று சொல்ல வருகிறீர்கள், நானும் அதைத்தான் நினைத்தேன். பீப் சத்தம் வந்த நேரத்தில் அவர் இருபதாம் வரிசையில் ஒரு பெட்டியின் உச்சியில் ஏறி, இறங்கப் பயந்து நின்றுகொண்டிருந்தார், ஆறு பேர் கீழே நின்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதிவேட்டைப் பார்த்தேன். நேரம் இருக்கிறது, பதிந்தவர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. பெயர் இல்லாமல் பதிய முடியாதபடிதான் நான் எழுதியிருக்கிறேன். செயலியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். குறிப்புக் கட்டம் எங்கேயும் இல்லை. ஓபன் சோர்ஸ் என்றால் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள், நானும் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். யார் வேண்டுமானாலும் என்பதை இவ்வளவு தாராளமாக எடுத்துக்கொள்வார்கள் என்று நினைக்கவில்லை.

அடுத்த பதிப்பில் தமிழ் எழுத்துருவைப் போட்டேன், குறிப்புக் கட்டத்தையும் திரும்ப வைத்தேன். எட்டிலும் வைத்தேன், நாலாம் நம்பரில் மட்டும் முதல் குறிப்பை நானே எழுதினேன். என்ன எழுதினேன் என்று கேட்காதீர்கள். பதில் வரவில்லை. மனசு கொஞ்சம் லேசானது என்பது மட்டும் உண்மை.

ஆனால் ஒன்று மட்டும் இன்னும் பாக்கி. "அதுக்கு கீழயும் ஒண்ணு கெடக்கு" என்று எழுதியிருந்ததே. பொன்ராஜ் அண்ணாச்சியின் பெட்டி தரையில் இருந்தது. அதற்குக் கீழே சிமெண்டு, அதற்கும் கீழே மண், யார்டு வருமுன் அது கடல்தண்ணீர் ஏறி இறங்கிய இடம்.

மாதக் கடைசியில் இருப்பு எடுப்போம். ஏழு செங்கலும் ஒரே எண்ணிக்கை காட்டும், நாலாம் நம்பர் மட்டும் எப்போதும் ஒன்று கூடக் காட்டும். இரண்டு தடவை அழித்து மறுபடி ஏற்றியும் பார்த்துவிட்டேன். கூடுதலாக வருகிற அந்தப் பெட்டிக்கு எண் கிடையாது. தொட்டால் இடம் மட்டும் வரும்: பன்னிரண்டாம் வரிசை, மூன்றாம் இடம், ஆறாம் அடுக்கு. எங்கள் வண்டிக்கு ஐந்துக்கு மேல் தூக்க எட்டாது, அண்ணாந்து பார்த்தால் அங்கே ஆகாயம்தான். மேலே இருந்து எண்ணினால் ஆறு எங்கே போய் நிற்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

போன மாதம் மேனேஜர் கேட்டார், எது சரி, ஏழா, ஒன்றா என்று. நாலாம் நம்பருக்குப் பாட்டரி பழசு சார் என்றேன். சத்தம் போடாமல்தான் சொன்னேன்.