கழுதைக்குட்டிக்குக் குரல் கொடுத்தேன்

திருப்பதியில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் கார்ட்டூன் ஸ்டூடியோ இருந்தது. கீழே இரும்பைத் தட்டும் சத்தம் ஓயாது. அதனால் குரல் பதிவு செய்யும் சின்ன அறையின் சுவர்களில் பழைய மெத்தைகளைச் சாத்தி வைத்திருந்தோம்.

நான் நகரி ஊர்க்காரி. வீட்டிலேயே விசைத்தறி. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். தறிச் சத்தத்தில் அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் தெரிந்தது. நான் ‘உள்ளேன் டீச்சர்’ சொல்லி முடிப்பதற்குள் அவர் இரண்டு பெயர் தாண்டிப் போயிருப்பார். பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டேன்.

அனிமேஷன் படித்துவிட்டு இந்த ஸ்டூடியோவில் சேர்ந்தேன். பதிவு செய்த குரலைக் கேட்டு, பாத்திரங்களின் வாய் அதற்கேற்ப அசையும்படி வரைவது என் வேலை. எனக்கு அது சுலபமாக வந்தது. நான் யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பது அதைவிடப் பிடித்திருந்தது.

எங்கள் இயக்குநர் பங்காருபாளையத்துப் பெண்மணி, தெலுங்குக்காரர். எங்களோடு தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். மாங்காய் மண்டிகளைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால் எங்கள் தொடரும் ஒரு மண்டியில்தான் நடந்தது. அங்கே கூடை சுமக்க வேண்டிய ஒரு கழுதைக்குட்டி, சுமப்பதை விட்டுவிட்டு எல்லோரையும் கேள்வி கேட்டுக்கொண்டே திரியும். தராசுக்குப் பசிக்குமா? கிளிமூக்கு மாங்காய்க்கு மூக்கு இருந்தும் ஏன் தும்மல் வருவதில்லை?

முதலில் தமிழில்தான் வரவிருந்தது. குட்டிக்குப் பேச வேண்டிய டப்பிங் கலைஞர் சென்னையிலிருந்து வர நாளாகும் என்றார்கள். அதுவரை வேலை நிற்கக்கூடாது என்று, வசனங்களை நாங்களே பேசிப் பதிவு செய்துகொண்டோம். குட்டி என் பங்குக்கு வந்தது. நான் தலையை ஆட்டி மறுத்தேன்.

“வசனம் எவ்ளோ நேரம் வருதுன்னு பாக்கறதுக்குதாம்மா இது. யாரும் கேக்கப் போறதில்ல. அப்புறம் அழிச்சிடலாம்” என்றார் இயக்குநர்.

உள்ளே போய் நின்றேன். ‘கிளிமூக்கு’ வரவில்லை. கி... கி... என்று நின்றது. நிறுத்தச் சொல்வார் என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்தக் குரலுக்கு நான்தான் வாய் வரைய வேண்டியிருந்தது. என் பேச்சு நின்ற இடத்தில் குட்டியின் வாயும் நின்றது. வாய் மட்டும் நின்றால் பொம்மை போல இருந்தது. அதனால் காதுகளைப் பின்னால் சாய்த்தேன். கண்களை இறுக மூட வைத்தேன். சொல் வந்து விழுந்ததும் காதுகள் படக்கென்று நிமிர்ந்தன. ஓடவிட்டுப் பார்த்தபோது சிரித்துவிட்டேன். என் திக்கலைக் கேட்டு எனக்கே சிரிப்பு வந்தது அதுதான் முதல் தடவை.

சென்னையிலிருந்து வந்த கலைஞர் நடுத்தர வயதுப் பெண்மணி. எத்தனையோ குழந்தைப் பாத்திரங்களுக்குப் பேசியவர். எங்கள் குட்டிக்கும் அழகாக, தங்குதடையில்லாமல் பேசினார். ஆனால் படத்தில் வாய் இன்னும் அசைந்துகொண்டிருக்க, குரல் எப்போதோ முடிந்திருந்தது. எல்லாவற்றையும் திருத்தி வரைந்துவிடுகிறேன் என்று எழுந்தேன். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, முன்பு பேசியது யார் என்று கேட்டார். இயக்குநர் என்னைக் காட்டினார்.

“நான் பேசினா நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்தக் காது சாயுது பாருங்க, அந்த இடத்துக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல. குட்டிய இந்தப் பொண்ணே பேசட்டும்.”

கதாநாயகப் பாத்திரத்துக்காக அவ்வளவு தூரம் வந்தவர், அதை என்னிடம் கொடுத்துவிட்டு, மண்டிக்காரம்மா என்ற சிறிய பாத்திரத்தைத் தான் எடுத்துக்கொண்டார். அந்த மனசு எல்லோருக்கும் வராது.

ஆனால் அன்றைக்கு எனக்கு நன்றி தோன்றவில்லை. பயம்தான் வந்தது. சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்து, ஊரே சிரிக்கும் நைனா, முடியாது என்று சொல்லப்போகிறேன் என்றேன். அதற்கு அவர் சொன்னார்:

“நீ பேசி நான் முழுசா கேட்டதே இல்லம்மா. எப்பவும் தறி ஓடிக்கினே இருந்துச்சி. நீ டிவில வந்தா, தறிய நிறுத்திட்டு உக்காந்து கேப்பேன்.”

அதற்குப் பிறகு என்னால் மறுக்க முடியவில்லை. என் பெயரைத் திரையில் போடக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

கோடை விடுமுறையில் தொடர் வந்தது. பள்ளி திறப்பதற்குள் குட்டி எல்லா இடத்துக்கும் போய்விட்டது. எங்களைக் கேட்காமலேயே பஸ் ஸ்டாண்டு கடைகளில் குட்டி படம் போட்ட தண்ணீர் பாட்டில்கள் தொங்கின. இயக்குநர் கோபப்படாமல் ஒன்றை வாங்கி வந்து மேசையில் வைத்துக்கொண்டார். ஒருமுறை ஷேர் ஆட்டோவில் என் பக்கத்திலிருந்த குழந்தை “கி... கி...” என்று ஆரம்பித்தபோது எனக்கு உடம்பு கூசியது. திரும்பிப் பார்த்தேன். கேலி இல்லை. காதுகளைக் கையால் மடக்கி, கண்ணை மூடி, சொல் வருவதற்குக் காத்திருந்தது.

எல்லோருக்கும் அப்படித் தெரியவில்லை. குழந்தைகள் திக்கிப் பேசப் பழகுகிறார்கள் என்று சில பெற்றோர் புகார் செய்தார்கள். அடுத்த பாகத்தில் குரலை மாற்றச் சொல்லித் தொலைக்காட்சியிலிருந்து கேட்டார்கள். இயக்குநர் என்னிடம் மறைக்காமல் சொன்னார். மாற்றிவிடுங்கள் என்றேன். இப்போது பதில் சொல்ல வேண்டாம், கொஞ்சம் பொறுப்போம் என்றார்.

அந்தச் சமயத்தில்தான் வரதய்யபாளையத்திலிருந்து ஓர் அம்மா, ஏழு வயது மகளோடு வந்தார். பொன்னேரிப் பக்கத்துக்காரர். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. எங்கள் ஸ்டூடியோவில் இருந்த ஒருவரின் அக்காவும் அங்கேதான் வேலை பார்த்தார். அவர் மூலமாக இடம் தெரிந்துகொண்டு, விடுமுறை நாளில் வந்திருந்தார். கதவைத் திறந்தது நான்.

“உ... உ... உள்ள வாங்க.”

அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற பெண் எட்டிப் பார்த்தாள்.

“கு... குட்டி” என்றாள்.

அவளும் திக்குபவள். பள்ளியில் வாயே திறக்க மாட்டாளாம். போன வாரம் வகுப்பில் நடித்துக் காட்டச் சொன்னபோது, தான்தான் குட்டி என்று தானே முன்னால் போய் நின்றிருக்கிறாள். “டீச்சரே போன் பண்ணாங்க மேடம். நான் கம்பெனி லைன்ல நின்னுக்கினு அழுதுட்டேன்” என்றார் அந்த அம்மா.

அவளைக் கணினி முன்னால் உட்காரவைத்து, குட்டியின் காதை எப்படிச் சாய்ப்பது என்று காட்டினேன். அவளே இரண்டு முறை சாய்த்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “பெ... பெரிசானா போயிடுமா?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “எனக்குப் போ... போகல. ஆனா பேசறேன்.”

கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்றாள். மறுபடியும் காதைச் சாய்க்கத் தொடங்கினாள்.

அந்த அம்மாவின் சம்மதத்தோடு, சிறுமி குட்டியின் வசனத்தைப் பேசியதைப் பதிவு செய்து இயக்குநர் தொலைக்காட்சிக்கு அனுப்பினார். குரலை மாற்றுவதென்றால் தொடரையே தரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். பிழைப்பே அதை நம்பியிருக்கும்போது அப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எனக்குத் தெரியும். சில நாள் பதில் வரவில்லை. பிறகு, அதே குரலில் தொடரலாம் என்றார்கள். புகார்களும் மெல்ல ஓய்ந்தன. பிள்ளைகள் கொஞ்ச நாள் குட்டியைப் போலப் பேசிவிட்டு அடுத்த விளையாட்டுக்குப் போயிருப்பார்கள்.

இப்போது தெலுங்கிலும் குட்டிக்கு நான்தான் பேசுகிறேன். என் பெயரும் திரையில் வருகிறது; போடச் சொல்லி நானே கேட்டேன். மண்டிக்காரம்மாவாகப் பேச அந்தக் கலைஞர் இன்னும் சென்னையிலிருந்து வந்துபோகிறார். எனக்குச் சொல் நின்றால் எடுத்துக் கொடுக்க மாட்டார். குட்டி கேட்டு முடிக்கட்டும் என்று மண்டிக்காரம்மாவாகவே நிற்பார். பதிவு முடிந்ததும் இருவரும் கீழே போய் டீ குடிப்போம். அங்கே அதிகம் பேசுவது நான்தான்.