நெலிடாவின் வைக்கோல் மெத்தை

கடற்கரை ஊரான லா பலோமாவில் மீன் வாங்குகிற எல்லோருக்கும் நெலிடா தெச்சேராவின் வாயைத் தெரியும். முப்பது வருஷமாகக் கடையில் மீன் ஆய்கிறாள். வாய் ஊர்க்கதையெல்லாம் பேசும், கத்தி அதுபாட்டுக்கு வேலையைப் பார்க்கும்.

அங்கே ஜூன்தான் குளிர்காலம். அந்தக் குளிரில் ஒருநாள், இளம் பென்குயின் ஒன்று எலும்பும் தோலுமாகக் கரையில் ஒதுங்கிக் கிடந்தது. நெலிடா அதைக் கம்பளிச் சட்டைக்குள் சுருட்டிக்கொண்டு வந்து, வீட்டுக் கொட்டகையில் வைக்கோலை மெத்தையாகப் பரப்பிப் படுக்க வைத்தாள். ஒழுகுகிற கூரைக்கடியில் கிடந்த போன வருஷத்து வைக்கோல். உதறியபோது சாம்பல் பச்சையாய்த் தூசி பறந்தது. இரண்டு தும்மல் போட்டுவிட்டு அதை மறந்துபோனாள்.

முதலில் நன்றாகத்தான் தின்றது. பத்தாம் நாள் தீனியை விட்டது. குரல் அடைத்து, அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. மீன் கூடையிலேயே வைத்துக் கடற்பறவைக் காப்பகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் ஒதீலியா கேட்டார்: "எதுமேல படுக்க வெச்சீங்க?"

"நல்ல கதகதப்பா, வைக்கோல்ல."

"ஈரம் பட்ட வைக்கோலா? அதுல அஸ்பர்ஜில்லஸ்னு ஒரு பூஞ்சை வளரும். தூசியோட உள்ள போய் மூச்சுப்பைல வேர் விட்டிருக்கு."

"அப்ப நான்தான் கெடுத்தேனா?"

"நீங்க எடுத்துட்டு வரலேன்னா கரையிலயே போயிருக்கும். உங்க வீட்டுக்காரருக்கு ஆஸ்துமாதானே? அவரை அந்த வைக்கோல் பக்கம் விடாதீங்க. பறவைகிட்டேருந்து ஒட்டாது, ஆனா அந்தத் தூசி மனுஷனையும் படுத்தும்."

வீட்டில் அவள் புருஷன் வில்மர் இதைக் கேட்டுவிட்டு முறுக்கிக்கொண்டான். "பத்து வருஷமா எனக்கு இழுக்குது. என்னை ஒருநாள் தூக்கிட்டு ஓடினியா?"

"நீ கரையில ஒதுங்கினியாய்யா?"

அக்டோபரில் காப்பகத்துப் பென்குயின்களையெல்லாம் கடலில் விடுவார்கள். அதற்குள் தேறாவிட்டால் இதற்கு ஆயுசுக்கும் தொட்டிதான் என்றார் டாக்டர். அதுவோ மாத்திரையைத் துப்பித் துப்பி எறிந்தது. காப்பகத்துப் பெண்கள் அதை ஒரு மீனின் வாய்க்குள் திணித்துக் கொடுத்தாலும், ஒரே உதறலில் வெளியே வந்து விழும்.

நெலிடாவுக்குப் பொறுக்கவில்லை. "மீனைத் தொட்டிருக்கீங்களாடி நீங்க? செவுளுக்குள்ள சொருகுங்க. தலை முதல்ல உள்ள போகும்போது செவுள் தானா அமுங்கிக்கும்."

அப்படியே இறங்கியது. அன்றிலிருந்து காலையும் மாலையும் அவளே வந்து ஊட்டினாள். செப்டம்பரில் குரல் திரும்பி, கழுதை மாதிரி கத்திக் காப்பகத்தையே இரண்டாக்கியது. அக்டோபர் முதல் வாரம் மறுபடி எக்ஸ்ரே. டாக்டர் நெடுநேரம் பார்த்தார்.

"சுத்தமா இருக்கு," என்றார் டாக்டர்.

எட்டுப் பென்குயின்களைக் கரையில் விட்டார்கள். ஏழு விறுவிறுவென்று தண்ணீரில் இறங்கின. இவளுடையது மட்டும் அலை விளிம்பில் தயங்கி நின்றது.

"போடா!" என்று கடைக் குரலில் ஒரு அதட்டல் போட்டாள். போய்விட்டது.

"திரும்பிக்கூடப் பாக்கல பாரு," என்றான் வில்மர்.

"பாத்திருந்தா இன்னொரு மாத்திரை சொருகியிருப்பேன். அது தெரிஞ்சுதான் ஓடுது," என்றாள் நெலிடா, மூக்கைச் சிந்திக்கொண்டே.