ட்ராக்டருக்கு உடைத்த தேங்காய்

அந்த மாரியில் வீட்டை விற்கச் சொல்லி எனக்குப் புத்தி சொல்லாத ஆள் ஒருவரும் மிஞ்சவில்லை. டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரத்திலிருந்து அரைமணி தள்ளி, சுற்றிவர வயல். வீட்டிலிருந்து பெரிய தெருவுக்கு இருநூறு மீட்டர் மண்பாதை. அதில் பனி விழுந்தால் நாங்களேதான் ட்ராக்டரால் அள்ளவேண்டும். இவர், என் கணவர், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியால் வந்த கிழமையே, தூரத்தில் ஹ்விடோவ்ரே நகரத்தில் இருக்கும் மகள் தொலைபேசியில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். டேனிஷில்தான் சொன்னாள், கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது. அப்பாவின் ஒபரேஷன் காயத்துக்கு மருந்து கட்ட ஒருநாள் விட்டு ஒருநாள் தாதி வரவேண்டும். பனியில் பாதை மூடி ஒருமுறை தாதி வரமுடியாமல் போனாலும் வீட்டை விற்றுவிட்டுத் தனக்குப் பக்கத்தில் ஒரு பிளாட்டுக்கு வந்துவிட வேண்டும்.

"ஓம். ஒருக்காத் தவறினாலும் விக்கிறன்," என்றேன்.

இவர் கட்டிலில் கிடந்தபடி என்னைப் பார்த்தார். "என்னத்துக்கு உப்பிடி வாக்குக் குடுக்கிறீர்? ட்ராக்டரை ஆர் ஓடுறது?"

"நான்."

சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். என்னைவிட இரண்டு மடங்கு பாரமான மனிதர்களைக் குளிக்கவார்த்து, உடுப்பு மாட்டி, கதிரையில் இருத்தியிருக்கிறேன். கிழட்டு ட்ராக்டர் என்னை என்ன செய்துவிடும்?

அந்த ட்ராக்டர் எங்கள் மகளைவிட வயதில் மூத்தது. பனியை அள்ளி எறியும் பொறி அதற்குப் பின்பக்கம் பூட்டியிருக்கும். ஆகையால் கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு முழுப் பாதையையும் ரிவேர்ஸில் ஓட வேண்டும். போதாக்குறைக்கு, கிளச்சை மிதித்தால் சில்லும் நிற்கும், பொறியும் நிற்கும். ஆகக் குறைந்த கியரில், மிதிக்காமல், அது பனியைத் தின்னுகிற வேகத்துக்கு நாமும் ஊர்ந்து போகவேண்டும். இவ்வளவையும் அவர் கட்டிலில் இருந்தபடி சொல்லச் சொல்ல, நான் முற்றத்தில் மூன்று நாள் ஓடிப் பழகினேன்.

அடுத்தநாள் கடும் பனி என்று வானொலி சொன்னது. தாதி வரும் நாளும் அதுதான். நான் தலைக்கு வார்த்து, ட்ராக்டரின் நெற்றிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் கொளுத்திக் காட்டி, பிள்ளையாரை நினைத்துக் கொட்டில் வாசலில் தேங்காயை ஓங்கி அடித்தேன். நன்றாகச் சிதறியது. ஊரில் என்றால் சிதறுதேங்காய் பொறுக்கச் சனம் ஓடி வரும். இங்கே யார் வருவார்? காகம் தின்னட்டும் என்று விட்டுவிட்டு உள்ளே போனேன்.

விடியப் பார்த்தால் முழங்கால் மட்டத்துக்குப் பனி. தாதி பத்து மணிக்கு வருவார். எட்டு மணிக்கு இருக்கையில் ஏறினேன். எஞ்சின் இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. கொட்டிலை விட்டுப் பத்தடி பின்னால் போயிருக்கமாட்டேன், 'டங்' என்று ஒரு சத்தம். பனி பறப்பது நின்றுவிட்டது.

இவர் ஊன்றுகோலோடு வந்து யன்னலைத் திறந்தார். "என்ன சத்தம்?"

"ஒண்டுமில்லை."

"எதையோ விழுங்கிப்போட்டுது. எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுக் கையை வையும். நிப்பாட்டாமல் வைக்கிறவைக்குக் கை தேவையில்லை எண்டு அர்த்தம்."

நிறுத்தி, திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு இறங்கிக் குனிந்து பார்த்தேன். பொறியின் பல்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் அரைத் தேங்காய், சிரட்டையோடு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது இதுதான். பொறி பழுதாகாமல் முதலில் ஒடியட்டும் என்று போட்டிருக்கும் சின்ன போல்ட் இரண்டாக ஒடிந்திருந்தது.

"பக்கத்துப் பண்ணைக்காரனைக் கூப்பிடும்," என்றார் இவர்.

"கூப்பிட்டால் பின்னேரமே உங்கட மகளுக்குக் கதை போகும். யன்னலைச் சாத்துங்கோ, குளிர் வருது."

எனக்கு என்மேலேயே பற்றி எரிந்தது. கொட்டிலுக்குள் ஐஸ்கிறீம் பெட்டியொன்றில் அவர் போல்ட்டுகள் சேர்த்து வைத்திருந்தார். அளவான ஒன்றைத் தேடி எடுக்கவே கால்மணி போனது. கையுறையோடு நட்டைப் பிடிக்க முடியவில்லை. கழற்றினால் விரல் இரும்போடு ஒட்டியது. ஊரில் உள்ள தூஷணம் எல்லாம் வாய்க்குள் வந்தது. பிள்ளையார் காதைப் பொத்தியிருப்பார். ஒன்பதேகாலுக்கு போல்ட் இறுகியது. முற்றத்தில் கிடந்த மற்றச் சிரட்டைகளைக் காலால் கிளறிப் பொறுக்கி வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டு மறுபடி ஏறினேன்.

வளைவில் காற்று பனியை இடுப்பளவுக்குக் குவித்து வைத்திருந்தது. எஞ்சின் முனகியது. கால் தானாகக் கிளச்சுக்குப் போனது. மிதித்தால் பொறி நின்று பனி அடைத்துவிடும். மிதிக்கவில்லை. முழு அகலத்துக்கும் போகாமல் பாதி அகலத்தை மட்டும் கடித்துக்கொண்டு போய், முன்னுக்கு வந்து, மற்றப் பாதியை எடுத்தேன். கழுத்து விறைத்துத் திரும்ப மறுத்தது. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கப் பெரிய தெருவின் கருந்தார் தெரிந்தது.

தாதியின் சின்னக் கார் நான் வெட்டிய பாதையால் நேரே வாசலுக்கு வந்தது. சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே அவர் இவரிடம், பாதை நல்ல சுத்தம், பக்கத்து வீட்டுக்காரர் வந்தாரா என்று டேனிஷில் கேட்டார். நான் குசினியில் நின்றேன். தாதிக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"இல்லை," என்றார் இவர். "என் மனைவி."

மத்தியானம் மகள் தொலைபேசி எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. இன்றைக்குத் தப்பினீர்கள், அடுத்த பனிக்கு என்ன செய்யப்போகிறீர்கள், வீட்டு முகவரோடு தான் கதைக்கட்டா என்றாள். கட்டிலில் கிடந்த மனுசன் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்தமுறை சிரிக்கவில்லை.

"விக்கிறதோ விடுறதோ கொம்மாவைக் கேள், பிள்ளை," என்றார். "வழி வெட்டுறது அவதான்."

போனை என் பக்கம் நீட்டினார்.

"விக்கேல்லை," என்றேன்.